கல்லறை மன்னர்களுக்கு ஒரு நாடு: கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கான நிலவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினியேச்சர் வீரர்களை மேசைமீது அணிவகுத்து, பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் பார்த்து ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளில், வீரர்களுக்கு வண்ணம் பூசுவதில் காட்டும் அக்கறையைப் பலர் அந்த வீரர்கள் நிற்கும் தரைக்குக் காட்டுவதில்லை. ஒரு படைக்கென்றே நிலவமைப்பைத் திட்டமிட்டுச் செய்ய விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ‘வார்ஹாமர்: த ஓல்ட் வேர்ல்ட்’ விளையாட்டில் முதலில் வந்த இரண்டு படைகளுள் ஒன்றான கல்லறை மன்னர்களின் படையே இந்தப் பக்கம் முழுவதற்கும் எடுத்துக்காட்டு. பண்டைய எகிப்தைத் தழுவிப் படைக்கப்பட்ட நெஹெகாரா என்னும் பாலைநாடு அவர்களுடையது. அங்கே உயிருள்ளவர்கள் எல்லோரும் மாண்டுபோய், கல்லறைகளிலிருந்து எழுந்த எலும்புக்கூட்டு வீரர்கள் தங்கள் மன்னர்களுக்காக இன்னும் போர் புரிகிறார்கள்.

நிலவமைப்பு அலங்காரம்தானே? விளையாட்டுக்கு அது அவ்வளவு முக்கியமா?

மேசைப் போர் விளையாட்டு தொடங்கிய காலத்திலிருந்தே நிலம் அதன் பாதியாக இருந்து வருகிறது. பிரஷ்யாவைச் சேர்ந்த ஃபோன் ரைஸ்விட்ஸ் 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்கு அளித்த விளையாட்டு மேசையில், ஆறு, மேடு, சாலை எல்லாம் இடம் மாற்றி அடுக்கக்கூடிய சிறு துண்டுகளாகச் செய்யப்பட்டிருந்தன. அதனால் ஒரே மேசையில் வேறு வேறு போர்க்களங்களை அமைக்க முடிந்தது. இன்றைய கற்பனைப் படைகளுக்கும் இது பொருந்தும். வெற்றுப் பலகைமேல் இரண்டு படைகள் மோதினால் முன்னால் நகர்ந்து மோதுவதைத் தவிர வேறு முடிவெடுக்க எதுவும் இருப்பதில்லை. ஒரு மேடும், ஓர் இடிந்த சுவரும், ஒரு வறண்ட ஆற்றுப்படுகையும் வந்துவிட்டால், எங்கே நிற்பது, எதைச் சுற்றிப் போவது, வில்லாளர்களை எங்கே ஏற்றுவது என்ற கேள்விகள் எழுகின்றன. விளையாட்டே அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

ஒரு படைக்கு ஏற்ற நிலவமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

அந்தப் படையின் சின்னத்தை எங்கும் ஒட்டிவைப்பதை நான் சொல்லவில்லை. கல்லறை மன்னர்களின் மேசை என்றதும் மண்டை ஓடுகளையும் சித்திர எழுத்துகளையும் தங்க முலாம் பூசிய நரித்தலைச் சிலைகளையும் தாராளமாக அடுக்குகிறார்கள். அவற்றை அகற்றிவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மஞ்சள் பலகைதான். நிலத்தின் தன்மை ஆபரணத்திலிருந்து வருவதில்லை. அந்த மக்கள் எந்தக் கல்லை வெட்டினார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், எந்த மண்ணால் வீடு கட்டினார்கள், அவர்கள் போன பிறகு காற்றும் வெயிலும் அவற்றை என்ன செய்தன என்பதிலிருந்தே அது வருகிறது. இவற்றை முதலில் தீர்மானித்துவிட்டால் சிலையே இல்லாத மேசைகூட யாருடைய நாடு என்பதைக் காட்டிவிடும். பிறகு வைக்கும் ஒரே ஒரு சிலைக்குத் தனி மதிப்பும் கிடைக்கும்.

அப்படியானால் கல்லறை மன்னர்களின் நாட்டை எங்கிருந்து தொடங்குவது?

எகிப்தியர்கள் எதை எதனால் கட்டினார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். கோயிலும் கல்லறையும் என்றென்றும் நிற்க வேண்டியவை என்பதால் அவற்றைக் கல்லால் கட்டினார்கள். வீடுகளையும், அரண்மனைகளையும்கூட, நைல் ஆற்று வண்டலும் வைக்கோலும் கலந்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கலால்தான் கட்டினார்கள். உயிருள்ளவர்களின் ஊர் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். செத்தவர்களின் வீடு நிற்கும். செத்தவர்களே ஆளும் ஒரு கற்பனை நாட்டிற்கு இதைவிடப் பொருத்தமான அடிப்படை கிடைக்காது. மேசையில் ஊர் இருக்கும் மூலையில் முழங்கால் உயரத்துக்குத் தேய்ந்துபோன மண்சுவர்களும், கல்லறைகள் இருக்கும் பக்கம் கூர்மை குறையாத கற்கட்டடங்களும் நின்றால், அந்த நாட்டின் வரலாறு விதிப்புத்தகத்தைத் திறக்காமலேயே விளங்கிவிடும்.

கல்லிலும் ஒழுங்கு வேண்டும். கீசாவில் சுண்ணாம்புக்கல், தெற்கு எகிப்தின் கோயில்களில் மணற்கல், அஸ்வானிலிருந்து ஆற்றுவழியே கொண்டுவந்த செந்நிறக் கிரானைட் என்று எகிப்திலேயே மூன்று வகை உண்டு. மேசைக்கு ஒரு கல்லை ஊரின் பொதுக்கல்லாகத் தேர்ந்தெடுங்கள். மேட்டின் பக்கவாட்டில் தெரியும் பாறையும் கல்லறைச் சுவரும் ஒரே நிறத்தில், ஒரே கிடைக்கோட்டு அடுக்குகளோடு இருக்க வேண்டும். வேறொரு கல்லை வாசல் நிலைக்கோ, ஒற்றைக்கல்லால் ஆன நெடுந்தூணாகிய ஒரு தூபிக்கோ மட்டும் பயன்படுத்தினால், அது தூரத்திலிருந்து பெரும்பாடுபட்டுக் கொண்டுவரப்பட்டது என்பது தானாகவே தெரியும்.

பிரமிடு வைக்க ஆசை. எவ்வளவு பெரிதாகச் செய்யலாம்?

ஒரு வீரர் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் இருக்கும் மினியேச்சர்களைத் தோராயமாக 1:56 என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். கீசாவின் பெரிய பிரமிடு கட்டப்பட்டபோது ஏறத்தாழ 146 மீட்டர் உயரமும், அடியில் ஒரு பக்கம் 230 மீட்டரும் இருந்தது. 56ஆல் வகுத்தால் 2.6 மீட்டர் உயரமும் 4 மீட்டருக்கு மேல் அகலமும் வருகிறது. ஆறடிக்கு நாலடி மேசை மொத்தமே 183 செ.மீ. நீளமும் 122 செ.மீ. அகலமும்தான். எனவே பலர் அதைச் சுருக்கி, 30 செ.மீ. உயரத்தில் ஒரு கீசா பிரமிடைச் செய்து வைக்கிறார்கள். பக்கத்தில் வீரர்களை நிறுத்தியதும் அது பொம்மையாகத் தெரிகிறது, ஏனென்றால் அந்தச் சரிவும் அந்த வடிவமும் மலையளவு பெரியது என்று நம் கண்ணுக்குப் பழகியவை.

இதற்கு நல்ல விடை சூடானில் இருக்கிறது. கார்ட்டூமுக்கு வடகிழக்கே மெரோவேயில் பண்டைய குஷ் நாட்டு மன்னர்களும் அரசிகளும் அடக்கமான பிரமிடுகள் கூட்டமாக நிற்கின்றன. அவை சிறியவை, 30 மீட்டரைத் தாண்டுவதில்லை, பல அதைவிட மிகவும் குறைவு. சரிவோ கீசாவைவிட மிகச் செங்குத்தானது. ஏறத்தாழ 70 பாகை. 10 மீட்டர் உயரமுள்ள ஒன்றை 1:56இல் செய்தால் 18 செ.மீ. உயரமும் 13 செ.மீ. அகலமும் வரும். சுருக்க வேண்டியதே இல்லை. உண்மையான அளவிலேயே மூன்று நான்கு பிரமிடுகளை நெருக்கமாக நிறுத்தி, அவற்றினூடே படைகளை நகர்த்தலாம். பல பிரமிடுகளின் கிழக்கு முகத்தில் ஒரு சிறு வழிபாட்டு மண்டபமும் ஒட்டியிருக்கும். 1834இல் இத்தாலியைச் சேர்ந்த ஜுசெப்பே ஃபெர்லினி புதையல் தேடி அங்கே பல பிரமிடுகளின் உச்சியை இடித்துத் தள்ளினார். அது வரலாற்றுக்குப் பேரிழப்பு. உச்சி இழந்த அந்த வடிவம் கொள்ளையடிக்கப்பட்ட கல்லறையின் அடையாளமாக நம் மேசைக்கும் வந்து சேர்கிறது; மன்னர் ஏன் எழுந்து வந்தார் என்பதற்கான காரணத்தையும் அது காட்டிவிடுகிறது.

தூபி வைக்கலாமா?

நிமிர்ந்து நிற்கும் தூபியைவிடப் படுத்துக் கிடக்கும் தூபி மேசைக்கு அதிகம் பயன்படும். அஸ்வான் கல்குவாரியில், வெட்டும்போதே விரிசல் கண்டதால் கைவிடப்பட்ட தூபி ஒன்று இன்னும் பாறையிலேயே ஒட்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ 42 மீட்டர் நீளம், அடிப்பகுதியில் சுமார் 4 மீட்டர் அகலம். தொழிலாளர்கள் கடினமான டாலரைட் கல்லுருண்டைகளால் கிரானைட்டை இடித்து இடித்துச் சுற்றிலும் அகழி எடுத்திருக்கிறார்கள். முழு நீளம் மேசையில் 75 செ.மீ. ஆகிவிடும் என்பதால் மேசை விளிம்பிலிருந்து உள்ளே நீளும் பாதியை மட்டும், அதாவது 30 அல்லது 35 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் காட்டினால் போதும். சுற்றியுள்ள அகழியை அளவுப்படி செய்தால் வீரர் ஒட்டப்பட்டிருக்கும் அடித்தட்டு உள்ளே இறங்காது, 3 செ.மீ. ஆவது அகலப்படுத்துங்கள். விளையாட்டில் அது நகர்வைத் தாமதப்படுத்தும் கடினத்தரை, கண்ணுக்கு அது ஒரு பணி நின்றுபோன நாள்.

படை நகர எவ்வளவு இடம் விட வேண்டும்?

நிலவமைப்பு செய்கிறவர்கள் பசையைத் தொடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கணக்கு இது. ‘த ஓல்ட் வேர்ல்ட்’ போன்ற விளையாட்டில் வீரர்கள் தனித்தனியாக ஓடுவதில்லை. வரிசை கட்டி ஒரே கட்டமாக நகர்கிறார்கள். எலும்புக்கூட்டு வீரர் ஒருவரின் அடித்தட்டு 25 மி.மீ. சதுரம். ஐந்து பேர் அகலம், நான்கு பேர் ஆழம் என்று நிறுத்தினால் கட்டம் 125 மி.மீ.க்கு 100 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 160 மி.மீ. கட்டம் திரும்பும்போது தேவைப்படுவது இந்த மூலைவிட்டம்தான். எனவே இரண்டு கட்டடங்களுக்கு இடையே 20 செ.மீ.க்குக் குறைவாக இடைவெளி விட்டால், அந்தத் தெரு படத்தில் அழகாக இருக்கும், ஆட்டத்தில் அடைப்பாகிவிடும். அடைப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டதாக இருந்தால் தவறில்லை.

படிகளிலும் இதே சிக்கல் உண்டு. உண்மையான படிக்கட்டின் ஒரு படி 17 செ.மீ. உயரம் என்றால் மேசையில் 3 மி.மீ.; அதில் எந்த வீரரும் நிற்க மாட்டார். கல்லறை மேடைகளை முன்பின்னாக 3 செ.மீ. அகலமுள்ள தட்டுகளாக அடுக்கிவிட்டு, மெல்லிய படிக்கட்டை நடுவில் ஓரிடத்தில் காட்சிக்காக மட்டும் செதுக்கினால் ஆட்டமும் காட்சியும் ஒருங்கே நிறைவேறும்.

ஒரு மேசைக்கு எத்தனை துண்டுகள் என்றால், ஆறடி மேசைக்கு ஆறு முதல் எட்டுப் பெரிய துண்டுகள் போதும் என்பது என் கருத்து.

என்னென்ன பொருட்கள் வேண்டும்?

பெரிய வடிவங்களுக்குத் தெர்மாகோல் போதும். உருண்டை உருண்டையாக உதிரும் சாதாரணத் தெர்மாகோல் உள்ளே நிரப்புவதற்கு நல்லது. வெளித்தோலுக்குக் கூரை வெப்பத்தடுப்புக்காக விற்கப்படும் நெருக்கமான எக்ஸ்.பி.எஸ். பலகையே சிறந்தது. அதில் கோடு கீறினால் கோடு நிற்கும், கல்லை வைத்து அழுத்தினால் கல்லின் சுவடு பதியும். அடிப்பலகைக்கு மரநாரை அழுத்திச் செய்த 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை; ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை; இடைவெளி அடைக்கச் சுவர்ப் பட்டி; சமப்படுத்த உப்புத்தாள்; வெட்டுவதற்குப் புதிய அலகு போட்ட கட்டர் கத்தி. மழுங்கிய அலகு தெர்மாகோலை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. சூடான கம்பியால் வெட்டுவதானால் சன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. எம்.டி.எஃப்.பை அறுக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் அணிய வேண்டும்.

ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும், அவற்றிலுள்ள கரைப்பான்களே காரணம். வெள்ளைப் பசையும் எமல்ஷனும் கலந்த கலவையை ஓர் இடமும் விடாமல் இரண்டு முறை பூசி உலரவைத்த பிறகு, தேவையானால் ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து மெல்லிய படலமாக அடிக்கலாம். தூரிகையால் முடிவதைத் தூரிகையாலேயே செய்வதுதான் பாதுகாப்பு.

மெரோவே வகைப் பிரமிடு ஒன்றை எப்படிச் செய்வது?

13 செ.மீ. சதுரமான அடி, 18 செ.மீ. உயரம் என்றால், ஒவ்வொரு முகமும் 13 செ.மீ. அடிக்கோடும் 19.1 செ.மீ. உயரமும் உடைய முக்கோணம். எக்ஸ்.பி.எஸ். பலகையில் 5 மி.மீ. தடிமனில் நான்கு முக்கோணங்களை வெட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போதே, கல்வரிசைகளைக் கீறிவிட வேண்டும். அடியிலிருந்து 8 மி.மீ.க்கு ஒன்றாகக் கிடைக்கோடு போடுங்கள். அது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள கல்லுக்குச் சமம். முதலில் கத்தி நுனியால் மேலோட்டமாகக் கீறி, பிறகு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அந்தக் கீறலின் வழியே இழுத்தால் வெட்டு விரிந்து உண்மையான கல்லிணைப்பைப் போல நிழல் பிடிக்கும். பேனாவை மட்டும் பயன்படுத்தினால் பலகை கிழிந்து ஓரம் சுருளும். செங்குத்துக் கோடுகளை வரிசைக்கு வரிசை மாற்றிப் போடுங்கள். மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசைக் கல்லின் நடுவில் வர வேண்டும்.

இனி ஒரு கையளவு கருங்கல் ஜல்லியை எடுத்து முகம் முழுவதும் மெல்ல உருட்டி அழுத்துங்கள். காற்று வீசும் பக்கத்து முகத்தில் அதிகமாகவும், மறைவான முகத்தில் குறைவாகவும் அழுத்தினால் தேய்மானம் இயல்பாக அமையும். அங்கங்கே ஒரு கல்லை மட்டும் விரலால் உள்ளே தள்ளலாம். ஒன்றிரண்டின் மூலையைக் கிள்ளி எடுக்கலாம். நான்கு முகங்களையும் தெர்மாகோல் கருவின்மேல் ஒட்டி, மூலைகளைப் பட்டியால் நிரப்பி, உச்சியிலிருந்து 4 செ.மீ. அளவைக் கோணல்மாணலாக அறுத்தெடுங்கள். அறுத்த இடத்தில் வெள்ளைத் தெர்மாகோல் தெரியக் கூடாது. வெட்டியபோது மிஞ்சிய துணுக்குகளைப் பசையில் புரட்டி உள்ளே அடைத்தால், வெளியே செதுக்கிய கல்லும் உள்ளே ஒழுங்கற்ற இடிகற்களும் என்ற உண்மையான கட்டுமானம் வெளிப்படும். இடிந்து விழுந்த கற்களையும் அதே வெட்டுத் துணுக்குகளிலிருந்தே எடுத்து, இடிந்த பக்கத்துக்கு நேர்கீழே மட்டும் பரப்புங்கள். எல்லாத் திசையிலும் சமமாகக் கற்கள் கிடந்தால் எங்கிருந்து விழுந்தன என்பதே தெரியாமல் போகும்.

மண்வீடுகளுக்குச் செங்கல் ஒவ்வொன்றையும் கீற வேண்டுமா?

வேண்டாம். 30 செ.மீ. நீளமுள்ள பச்சைச் செங்கல் மேசையில் 5 மி.மீ. நீளமே வரும், அவற்றின்மேல் மண்பூச்சும் இருந்திருக்கும். பூச்சு உதிர்ந்த இரண்டு மூன்று இடங்களில் மட்டும் செங்கல்லைக் காட்டினால் சுவர் முழுவதும் செங்கல்லாலானது என்று கண் நம்பிவிடும். மண்சுவர் கற்சுவரைப் போல உடைவதில்லை. உச்சி உருண்டு வழிகிறது, அடிப்பக்கம் காற்றோடு வரும் மணலாலும் நிலத்து உப்பாலும் உள்வாங்கித் தேய்கிறது. எனவே அடியில் உப்புத்தாளால் சற்றுக் குழித்து, உச்சியை விரலால் தேய்த்து மழுக்கி, கரைந்த மண் சுவரோரம் சேர்ந்த சிறு சரிவைப் பட்டியால் அமைக்க வேண்டும். பூச்சுக்குச் சலித்த மண்ணும் வெள்ளைப் பசையும் கலந்த கலவையே சிறந்தது.

தரைக்கு மணலைக் கொட்டி ஒட்டினால் பாலைவனம் ஆகிவிடுமா?

ஆகும், ஆனால் நீங்கள் நினைக்கும் பாலைவனம் அன்று. 1 மி.மீ. மணற்பரல் 1:56 அளவில் ஐந்தரை சென்டிமீட்டர் கல்லாகிவிடுகிறது. மணலை ஒட்டிய தரை சரளைக் கற்கள் பரவிய நிலமாகவே தெரியும். அது குறையன்று. சகாராவிலேயே மணல்மேடுகள் மூடிய பரப்பு சிறுபங்குதான். பெரும்பகுதி சரளை வெளியும் வெறும் பாறையும். ஆகவே பொதுத்தரைக்கு மணலைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மணல்மேட்டுக்கு மட்டும் மணலே போடாதீர்கள். பட்டியை வழவழப்பாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே அகலமான தூரிகையால் மெல்லிய அலைவரிகளை மட்டும் விட்டுவையுங்கள்.

மணல்மேட்டின் வடிவத்துக்குக் காற்றின் திசை வேண்டும். காற்று வரும் பக்கம் 10 முதல் 15 பாகை வரை மெல்ல ஏறி, மறுபக்கம் 33 பாகை அளவில் சரியும். அதற்கு மேல் உலர்ந்த மணல் நிற்காது. 4 செ.மீ. உயரமான மேட்டுக்கு ஏறும் பக்கம் 19 செ.மீ., சரியும் பக்கம் 6 செ.மீ. ஆக மொத்தம் 25 செ.மீ. நீளத்தில் விளையாட்டுக்கு ஏற்ற குன்று கிடைக்கிறது. ஒரு படைப்பிரிவு நிற்க, உச்சியைச் சற்றுத் தட்டையாக்குங்கள்.

அதே காற்று எல்லாத் துண்டுகளிலும் வீச வேண்டும். தூண், சுவர், விழுந்த சிலை எதுவானாலும் அதன் காற்று மறைவில் மணல் வாலைப்போல நீண்டு படிந்திருக்க வேண்டும். துண்டுகள் ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும் என்பதால், ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் காற்றின் திசையை அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள். மேசை அடுக்கும்போது எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்த்தால், தனித்தனியாகச் செய்த துண்டுகள் ஒரே நிலமாகிவிடும். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வேலை இந்தக் கலையில் வேறில்லை.

பாலைவனத்தில் காடு எங்கிருந்து வரும்? விதிகள் காட்டை எதிர்பார்க்கின்றனவே?

ஆற்றோரத் தோப்பை வைக்கலாம். பேரீச்சையை எல்லோரும் செய்கிறார்கள். நான் விரும்புவது எகிப்திலும் சூடானிலும் வளரும் தூம் பனை. நம் பனைமரத்துக்கு நெருங்கிய உறவு. ஓலையும் விசிறிபோலவே விரியும். ஆனால் தண்டு இரண்டாகவும் நான்காகவும் கிளைக்கும். அந்தக் கிளைத்த உருவம் மேசையில் வைத்ததும் கண்ணை இழுக்கும். முறுக்கிய கம்பியில் பசை தடவிச் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் தண்டு ஆகும். தடித்த தாளை வட்டமாக வெட்டி, விசிறிபோல மடித்து, ஓரங்களை நறுக்கினால் ஓலை. பனைமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: காய்ந்த மட்டைகள் விழாமல் தண்டோடு தொங்கும். செத்த நாட்டின் மரத்தில் பச்சையைவிட இந்தத் தொங்கும் காய்ந்த மட்டைகளே அதிகம் இருக்க வேண்டும். மரங்களைத் தோப்பின் அடிப்பலகையிலிருந்து கழற்றி எடுக்கும்படி செய்தால் படைப்பிரிவு உள்ளே நுழையும்போது தடை இருக்காது.

வறண்ட ஆற்றுப்படுகையின் வெடிப்புகளைக் கையால் கீற வேண்டுமா?

களிமண்ணே அதைச் செய்துவிடும். பலகையில் பசை தடவி, குழைத்த களிமண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி உலரவிட்டால், அது சுருங்கித் தானாகவே பாளம்பாளமாக வெடிக்கும். படலம் தடித்தால் பாளங்கள் பெரிதாகும், மெலிந்தால் சிறிதாகும். எனவே ஆற்றின் நடுவில் தடிமனாகவும் கரையை நோக்கி மெலிந்தும் பரப்புங்கள். நன்றாக உலர்ந்த பிறகு தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்க வேண்டும். தூரிகை பட்டால் பாளங்கள் பெயர்ந்துவிடும்.

வண்ணம்?

வண்ணத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றே: மேசைக்கும் வீரர்களின் அடித்தட்டுக்கும் ஒரே மணல், ஒரே மூன்று நிறங்கள். வெள்ளை எமல்ஷனில் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஸ்டெய்னர்களைக் கலந்து அடர்பழுப்பு, காவி கலந்த மஞ்சள், எலும்பின் வெளிர்நிறம் ஆகிய மூன்றையும் மொத்தமாகத் தயாரித்து மூடிபோட்ட டப்பாக்களில் வைத்துக்கொள்ளுங்கள். அடர்நிறத்தை முழுவதும் பூசி, உலர்ந்த பின் நடுநிறத்தைத் தூரிகையில் தொட்டுத் துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் படும்படி உரச வேண்டும். வெளிர்நிறத்தை அதைவிடக் குறைவாக, விளிம்புகளில் மட்டும் தொட வேண்டும். கல்லிணைப்புகளில் தண்ணீராகக் கரைத்த பழுப்பை ஓடவிட்டால் ஆழம் கூடும். பாலைவனத்து வெளிச்சம் கடுமையானது என்று மேசையையே வெளிறவைத்துவிடாதீர்கள். எலும்புக்கூட்டுப் படை அதில் மறைந்துபோகும். தரை, வீரர்களைவிட ஒரு படி அடர்த்தியாகவே இருக்கட்டும்.

எதிராளியின் படை இந்த நிலத்துக்குப் பொருந்தாதே?

பொருந்த வேண்டியதில்லை, அவர் வந்து நுழைந்தவர். அந்த விளையாட்டில் முதலில் வந்த மற்றொரு படையான பிரெட்டோனியக் குதிரை வீரர்கள் தெற்குப் பாலைநிலங்களுக்குப் படையெடுத்துப் போன கதை அதன் கற்பனை வரலாற்றிலேயே உண்டு. அவர்கள் பக்கம் ஒரு கூடாரமும், நீர்ப்பீப்பாய்களும், வெட்டிய பேரீச்சைத் தண்டுகளால் அவசரமாக எழுப்பிய வேலியும் வைத்தால் போதும்.

குள்ளர்கள், காட்டு எல்ஃபுகள் போன்ற பிற கற்பனை இனங்களின் படைகளுக்கும் இந்த முறை உதவுமா?

உதவும். குள்ளர்களுக்குத் தாடிவைத்த முகங்களைச் செதுக்கிய வாயில் ஒன்று போதும். அதற்கு வெளியே, சுரங்கத்திலிருந்து கொட்டிய கழிவுக்கற்கள் எங்கே குவிந்திருக்கின்றன, உள்ளே ஊறும் நீர் எந்த வாய்க்காலில் வெளியேறுகிறது, உருக்கிய கசடு எந்தச் சரிவைக் கறுப்பாக்கியது என்று யோசியுங்கள். காட்டு எல்ஃபுகளின் நிலத்தில் கோடரி பட்ட அடிமரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது; முதுமையால் சாய்ந்து பாசி படர்ந்த மரங்கள் மட்டுமே கிடக்க வேண்டும். அந்தக் காட்டின் ஓரத்தில் புதிதாக வெட்டிய அடிமரங்கள் வரிசையாக இருந்தால் எதிரி வந்துவிட்டான் என்று பொருள். முரட்டுப் போர் இனமான ஆர்க்குகளின் பாளையத்தில் எல்லாமே பிறரிடமிருந்து பிடுங்கி வந்தவை. எந்த இரண்டு பலகையும் ஒரே மரத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது.

முப்பரிமாண அச்சில் எடுத்த துண்டுகளை வாங்கிப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. சிலை, தூண் தலைப்பு போன்ற நுண்வேலைகளுக்கு அதுவே வசதி. வாங்கியதை உங்கள் மணலில், உங்கள் மூன்று நிறங்களில், உங்கள் காற்றுத் திசையில் பதித்துவிட வேண்டும்.

எப்படிப் பாதுகாப்பது? மழைக்காலத்தில் பலகை வளைகிறது, பூஞ்சை பிடிக்கிறது.

எம்.டி.எஃப். வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் பசையின் ஈரத்தை உறிஞ்சுவதுதான். மேலே வேலை தொடங்கும் முன்பே அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் எமல்ஷன் அடித்துவிடுங்கள். கடற்கரை மணலைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வண்ணத்தின்மேல் வெள்ளையாகப் பூக்கும். ஆற்று மணலையும் கழுவி, வாணலியில் வறுத்து, சலித்த பிறகே எடுக்க வேண்டும். சணல், நார், தாள் போன்றவற்றைப் பசைநீரில் முழுவதும் நனைத்து உலரவைத்தால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் இடமிருக்காது. களிமண் படுகையும் பட்டியும் முழுமையாக உலர்வதற்கு முன் எதையும் பெட்டிக்குள் வைத்து மூடக் கூடாது. பெரிய நிலத்தை ஈரடிச் சதுரப் பலகைகளாகச் செய்தால் ஆறு பலகைகள் சேர்ந்து ஆறடிக்கு நாலடி மேசையாகும். ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கியும் வைக்கலாம். விளிம்புகளில்தான் வண்ணம் முதலில் உதிரும், ஆகவே அந்த மூன்று டப்பா எமல்ஷனில் கொஞ்சம் எப்போதும் மீதம் இருக்கட்டும்.